நெடுவழிக்குப் பழகும் குதிரை

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பத்மநாபசுவாமி திருக்கோயிலுக்கு அருகே குதிரமாளிகை என்று மக்கள் அழைக்கும் அரண்மனை ஒன்று உள்ளது. புத்தன் மாளிகை என்பது அதன் முறையான பெயர். இசையுலகில் பெரும் புகழ் பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா 1840-களில் அதனைக் கட்டுவித்தார். கூரையின் இறவாரத்தைத் தாங்குவன போல 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதால், மக்கள் வாயில் குதிரையின் பெயரே நிலைத்துவிட்டது. வெளிமாநிலங்களிலிருந்து இந்நகருக்கு வரும் தமிழன்பர்கள், கோயில் தரிசனம் முடிந்ததும் இவற்றையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துச் செல்வது வழக்கம்.

இதே நகரில் உயிருள்ள குதிரைகளும் உண்டு. கேரளப் போலீஸின் குதிரைப் பிரிவைச் சேர்ந்த அவை இரவு ரோந்துக்குச் செல்கின்றன. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அவ்வூர்வலத்திலும் அவை இடம்பெறுகின்றன. விடியற்காலை அமைதியில் தார்ச்சாலை மீது லாடம் ஒலிக்க அவை நடந்து செல்வதைக் கேட்ட ஒரு நாளில்தான், இவ்விஷயத்தைப் பற்றி நேயர்களிடம் பேச வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றியது. நகரத்துக் குதிரை ஒரு நாளில் நடக்கும் தூரம் சில மைல்களே. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் செல்லும் குதிரை ஒன்று உண்டென்றால், அதனை எவ்வாறு பழக்குகின்றார்கள்?

160 கிலோமீட்டர் என்னும் எண் வெறும் எண்ணாகக் காதில் விழுந்து மறைந்துவிடும். ஆகையால் நாம் அறிந்த ஒரு வழியைக் கொண்டு அளந்து பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து புறப்படுகின்றோம். நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகியவற்றைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டுச் சமவெளியில் இறங்குகின்றோம். நாங்குநேரியைத் தாண்டித் திருநெல்வேலியையும் அடைந்த பிறகு, இன்னும் சிறிது தூரம் செல்ல வேண்டும். அதுவே சுமார் 160 கிலோமீட்டர். முதுகில் ஓர் ஆளையும் சேணத்தையும் சுமந்துகொண்டு, காலையில் புறப்பட்டு மாலைக்குள் இத்தூரத்தைக் கடக்கும் குதிரைகள் இன்று பல நாடுகளில் உள்ளன. 'எண்டூரன்ஸ்' என்று உலகெங்கும் வழங்கும் இந்த நெடுந்தூரச் சவாரிக்குச் சர்வதேசக் குதிரைச் சவாரிச் சம்மேளனம் விதிகள் வகுத்திருக்கின்றது. உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன.

இச்சவாரிக்குக் குதிரையை ஆயத்தம் செய்யும் முறையை ஆங்கிலத்தில் 'கண்டிஷனிங்' என்பர். மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சிறிது தொல்லை கொடுத்தது. அகராதியில் 'பதப்படுத்துதல்' என்று இருக்கின்றது. பதப்படுத்தப்படுவன நம்மிடையே ஊறுகாயும் ஆட்டுத்தோலுமே அல்லவா? ஆயினும் சற்று ஆலோசித்துப் பார்த்தால், 'பதம்' என்னும் சொல்லைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடைப்பது அரிது. சோற்றுக்குப் பதம் உண்டு. பாகுக்குப் பதம் உண்டு. உழவுக்கு ஏற்ற ஈரத்தில் மண் இருப்பதையும் பதம் என்றே உழவர் சொல்லுகின்றார்கள். ஒன்றன் பதம் வேறொன்றுக்கு உதவாது. அவசரப்பட்டால் பதம் வாராது, கடந்துவிட்டாலோ திரும்பாது. குதிரையின் உடலிலோ ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு காலத்தில் பதத்திற்கு வருகின்றது. இந்தக் கலையின் தொல்லைகள் அனைத்தும் இதிலிருந்தே எழுகின்றன.

நம் முன்னோர் குதிரையை அறியாதவர் அல்லர். மயூரகதி, வானரகதி என்று குதிரையின் நடைவகைகளுக்கு நம் நூல்களில் பெயர்கள் இருக்கின்றன. நகுலன் இயற்றியதாகச் சொல்லப்படும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் 1952-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆயினும் ஏட்டில் உள்ள கல்வி லாயத்துக்கு எந்த அளவு வந்து சேர்ந்தது என்பது வேறு கேள்வி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கின்றார். குதிரையைப் பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்பது அவருடைய தீர்ப்பு. யாத்திரிகர் கூறும் எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை.

அவருக்குச் சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுவது இன்னும் நுட்பமானது. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபார் முதலிய நாடுகளுக்கு ஏற்றப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். மாபார் என்பது அராபியரும் பாரசீகரும் நம் கிழக்குக் கரைக்கு வைத்திருந்த பெயர். அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரையை என்ன செய்தார்கள்? கயிற்றாலும் முளையாலும் பிணைத்து நாற்பது நாள் லாயத்தில் நிறுத்திக் கொழுக்க வைத்தார்களாம். பிறகு, எவ்விதப் பயிற்சியும் அளிக்காமல், பேய் போல் ஏறி விரட்டினார்களாம். வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் குறுகிய காலத்தில் தளர்ந்து ஒன்றுக்கும் உதவாமற் போயின என்று அவர் வருந்துகின்றார். இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. இன்றைய குதிரை மருத்துவர் ஒருவரிடம், நல்ல குதிரையைக் கெடுப்பதற்கு உறுதியான வழி யாது என்று கேட்டால், அவரும் ஏறத்தாழ இதையே சொல்லுவார். அசையாமல் நிறுத்து, கொழுக்கத் தீனி போடு, பிறகு திடீரென்று ஓட்டு.

இக்குற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1892-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரிகளும் ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளும் ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரு சாரார் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், மறு சாரார் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும், சுமார் 580 கிலோமீட்டர் சவாரி செய்ய வேண்டும். முதலில் வந்த ஆஸ்திரியப் பிரபு எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 71 மணி. அவரைச் சுமந்து வந்த குதிரை பிழைக்கவில்லை. இன்னும் பல குதிரைகள் வழியிலும் இலக்கை அடைந்த பின்னரும் மாண்டன. ஐரோப்பாவின் மிகச் சிறந்த சவாரி வீரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அவர்கள்!

அதற்கு 63 ஆண்டுகளுக்குப் பின்னர், 1955-ல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெண்டல் ரோபி என்பவரும் அவர் நண்பர்களும் சியரா நெவாடா மலைகளின் ஊடே 100 மைல் தூரத்தை ஒரே நாளுக்குள் கடந்து காட்டினார்கள். டெவிஸ் கோப்பை என்ற பெயரால் அச்சவாரி வழங்குகின்றது. 1964-ஆம் ஆண்டு முதல் அங்கே ஹாகின் கோப்பை என்று மற்றொரு பரிசும் கொடுக்கின்றார்கள். முதலில் வந்து சேரும் பத்துக் குதிரைகளுள் எது நல்ல உடல்நிலையில் இருக்கின்றதோ அதற்கு அப்பரிசு. முதலில் வந்ததா, பத்தாவதாக வந்ததா என்பதன்று கேள்வி; இன்னும் சவாரிக்குத் தகுதியுடன் நிற்கின்றதா என்பதே கேள்வி. 1892-க்கும் 1964-க்கும் இடையே மனிதன் கற்றுக்கொண்ட பாடம் இக்கோப்பையில் அடங்கியிருக்கின்றது என்று நாம் கருதுகின்றோம்.

இனிக் குதிரையின் உடலுக்கு வருவோம். அதன் இருதயம் நான்கு கிலோ எடை இருக்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை துடிக்கும். நாலுகாற் பாய்ச்சலில் 220-ஐயும் தாண்டும். மேலும், அதன் மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு போன்றது. ஓய்வில் ஏராளமான சிவப்பணுக்களை அது தன்னிடம் வைத்திருக்கின்றது. குதிரை ஓடத் தொடங்கியதும் சுருங்கி அவற்றை இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றது. இவ்வசதி மனிதருக்கு அந்த அளவில் இல்லை. ஆகவே, முறையாகப் பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே குதிரைக்கு இளைப்பு குறைகின்றது. முகத்தில் உற்சாகம் தெரிகின்றது. தசைகள் திருந்துவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம்.

காலின் கதை வேறு. குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை என்பதே இல்லை. எலும்பும், தசைநாண்களும், தோலும், குளம்புமே உண்டு. தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவையும் எலும்பும் புதிய சுமைக்கு ஏற்ப உறுதி பெறுவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். குளம்போ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. நுனிவரை புதுக் குளம்பு வருவதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு. இரண்டாம் மாதத்தில் நெஞ்சு 'நான் தயார்' என்று சொல்லுகின்றது. கால் வாய் திறப்பதில்லை. சவாரி செய்பவர் நெஞ்சின் பேச்சைக் கேட்டுவிடுகின்றார்.

பல ஆண்டுகளுக்கு முன், அலுவல் நிமித்தம் வடநாட்டு நகரம் ஒன்றில் நாம் தங்கியிருந்தபோது இதைக் கண்ணால் கண்டோம். அடுத்த தெருவில் வசதி படைத்த ஒருவர், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை வாங்கியிருந்தார். அதனைப் பேணியவர் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். தமிழ் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் மாலை வேளைகளில் நம்மிடம் உரையாடுவார். இரண்டு மாதம் சென்றதும் குதிரை பளபளவென்று ஆகிவிட்டது. முதலாளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு மாலை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் வேகமாக ஓட்டப்போகின்றாராம் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "நெஞ்சு கேக்குது சார், காலு கேக்கலியே. நான் சொன்னா யார் கேக்கறாங்க?" என்றார். ஞாயிறன்று குதிரை போய்த் திரும்பியது. மறுநாள் காலை இடது முன்னங்காலின் பின்புறம் வில்லைப் போல் வளைந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. தசைநாண் கிழிந்துவிட்டது. சில மாதங்களுக்குப் பின் அக்குதிரை விற்கப்பட்டது. யார் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்று நாம் கேட்டபோது, பெரியவர் கொள்ளுப் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தார், விடை சொல்லவில்லை.

மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளை ஒரே நாளில் பரிகளாக்கியதும், அவை இரவில் மீண்டும் நரிகளாகியதும் நாம் அறிந்த திருவிளையாடல். மனிதர் அவ்விளையாட்டில் இறங்குவது தகாது.

அப்படியானால் முறையான பழக்கம் எவ்வாறு இருக்க வேண்டும்? முதல் மாதம் பெரும்பாலும் நடையே. வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒரு மணி நேரம் நடத்தி, இடையிடையே 'டிராட்' என்று லாயங்களில் வழங்கும் துள்ளுநடையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றார்கள். மூன்றாம் மாதத்தில் ஒரே சவாரியில் 15 முதல் 20 கிலோமீட்டர் வரை, மணிக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். தூரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டலாகாது; வேகத்தைக் கூட்டினால் தூரத்தைக் கூட்டலாகாது. இது பொன்னைப் போன்ற விதி. நீண்ட சவாரி வாரத்துக்கு ஒன்று போதும். அதன் மறுநாள் ஓய்வு. ஓய்வு என்றால் லாயத்தில் கட்டிப் போடுவதன்று. வெளியில் விட்டு மேயவிடுவது. உடல் உறுதி பெறுவது உழைக்கும் நேரத்திலன்று. உழைத்தபின் வரும் ஓய்விலேயே என்பது மனிதருக்கும் பொருந்தும் உண்மை. முதல் ஆண்டு முழுவதும் இப்படியே கழியுமாயின், 40 கிலோமீட்டர் சவாரி ஒன்றை நிதானமாக முடிக்கலாம். சர்வதேச விதிகளும் இதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. குதிரையும் சவாரியாளரும் குறுகிய தூரங்களை வேக வரம்புக்கு உட்பட்டு முடித்துத் தகுதி பெற்ற பின்னரே மேலே செல்ல முடியும். 160 கிலோமீட்டர் உலகப் போட்டிக்கு எட்டு வயது நிரம்பாத குதிரையை ஏற்பதில்லை. மூன்று வயதிலேயே பந்தயத்தில் ஓடும் குதிரைகளைக் கண்ட பூனா, பெங்களூர் நேயர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

நிலமும் கவனிக்கத் தக்கது. கடற்கரை மணல் குதிரைக்கு மெத்தை போன்றது என்று பலர் எண்ணுகின்றார்கள். அலை நனைத்து இறுகிய மணல் நல்லதே. ஆனால் காய்ந்து புதையும் மணலில் ஒவ்வோர் அடிக்கும் தசைநாண் அதிகமாக இழுபடுகின்றது. பழகாத குதிரையை அதில் ஓட்டினால் ஆபத்து. (சங்குமுகத்தில் கடலரிப்பு மிகுந்து மணற்பரப்பே குறுகிவிட்டது என்பது தனியான துயரம்.) தார்ச்சாலையில் விரைந்து ஓடினால் குளம்பும் மூட்டும் அதிரும். மலைப்பாதை சிறந்தது. பொன்முடிச் சாலையைப் போன்ற ஏற்றத்தில் நடந்தே சென்றாலும் இருதயத்துக்கு வேகமாக ஓடிய பயன் உண்டு. காலுக்கோ அடி குறைவு. இறக்கத்தில் மட்டும் இறங்கி நாமும் கூட நடப்பது நன்று; அப்போது எடை முழுவதும் முன்னங்கால்களில் விழுகின்றது.

திருவனந்தபுரத்தில் வாழும் ஒருவர் இதனை மேற்கொள்வதாக வைத்துக்கொண்டால், அவருக்கு மலையையும் மணலையும் விடப் பெரிய தடையாக இருப்பது காற்றில் உள்ள ஈரம். குதிரை பெரும்பாலும் வியர்வையால்தான் உடற்சூட்டைத் தணிக்கின்றது. கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியாகலாம். வியர்வை ஆவியானால்தான் சூடு தணியும். சொட்டி விழுந்தால் பயனில்லை. குதிரைக்காரர்களிடையே ஒரு வாய்க்கணக்கு வழங்குகின்றது. பாரன்ஹீட் அளவில் வெப்பத்தையும், ஈரப்பதத்தின் சதவிகிதத்தையும் கூட்ட வேண்டும். 130-க்குக் கீழ் எனில் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 180-ஐத் தாண்டினால் சவாரி கூடாது. ஜோத்பூரில் 40 டிகிரி செல்சியஸ் வெயில், அதாவது 104 பாரன்ஹீட், ஈரப்பதம் 20. கூட்டினால் 124. திருவனந்தபுரத்தில் 30 டிகிரி, அதாவது 86; ஈரப்பதம் 80. கூட்டினால் 166. ராஜஸ்தானத்தில் வாழும் நம் நேயர்கள் வெயிலை நொந்துகொள்ளும்போது, இக்கணக்கை நினைத்து ஒருவாறு ஆறுதல் பெறலாம். இக்கரையில் விடியலுக்கு முன்னரே சவாரியை முடிப்பதற்கும், புதிய குதிரைக்கு இரண்டு மூன்று வாரம் இந்தக் காற்றைப் பழக்குவதற்கும் காரணம் இதுவே.

வெள்ளைக்காரர் காலத்தில் குளிர் நாடுகளிலிருந்து இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவரப்பட்ட சில குதிரைகள், வந்த சில மாதங்களில் வியர்ப்பதையே நிறுத்திவிட்டன. மூச்சு இரைக்கும், தோல் உலர்ந்திருக்கும், உடல் கொதிக்கும். இன்றும் இந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. குளிர்ந்த இடத்துக்கு அனுப்புவதே வழி. ஆகவே இப்பகுதியில் குதிரையின் கழுத்தும் விலாவும் நனைந்திருந்தால் அது நற்குறியே. சூடேறிய குதிரைமீது தண்ணீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய காலத்தில் அஞ்சினார்கள். 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் புழுக்கமான கோடையில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, அதற்கு முன்னோடியாகச் செய்த ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தைப் போக்கின. குளிர்ந்த நீரை உடலெங்கும் தாராளமாக, மீண்டும் மீண்டும் ஊற்றுவதே உயிர்காக்கும் முறை.

வியர்வையோடு உப்பும் போகின்றது. குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது. இதனால் விசித்திரமான ஒரு விளைவு ஏற்படுகின்றது. நீரும் உப்பும் ஒருங்கே குறைவதால், குதிரைக்குத் தாகம் தோன்றுவதில்லை. உடல் வறண்ட நிலையிலும் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆகவே பயிற்சிக் காலத்திலேயே வழியில் எங்கு நீர் கண்டாலும் நின்று குடிக்கப் பழக்க வேண்டும். உப்புக் கலவையை நீரோடு சேர்த்துக் கொடுக்கலாமேயன்றி, நீரருந்தாத குதிரையின் வாயில் உப்பை மட்டும் திணித்தல் கூடாது.

தீனியைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். கொள்ளைப் பெரிதாக எண்ணுவது நம்மவர் இயல்பு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதருக்குச் சொன்னது. குதிரைக்கோ புல்லும் வைக்கோலுமே முதல் உணவு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ உலர்ந்த புல் வேண்டும். நார்ச்சத்து பெருங்குடலில் நீரைத் தேக்கி வைக்கின்றது. நெடுவழியில் அதுவே உள்ளே சுமந்து செல்லும் தண்ணீர்த் துருத்தி. தானியம் உழைப்புக்கு ஏற்ப மட்டும். வாரம் முழுவதும் உழைத்த குதிரைக்கு ஞாயிறன்று ஓய்வளித்து, தானியத்தை மட்டும் குறைக்காமல் கொடுத்தால், மறுநாள் வேலை தொடங்கியதும் தொடைத் தசைகள் கல்லாக இறுகி நின்றுவிடும். ஐரோப்பிய லாயங்களில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்று பெயர். அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்களுக்கு அறிகுறிகளை விளக்க வேண்டியதில்லை.

பதம் வந்துவிட்டதா என்பதை அறிவது எங்ஙனம்? போட்டியில் 160 கிலோமீட்டரும் ஒரே மூச்சாக ஓடப்படுவதில்லை. 40 கிலோமீட்டருக்கு மிகாத சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மருத்துவர் வாயில் உண்டு. குறித்த நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். இறங்காவிடில் அத்துடன் சவாரி முடிந்தது. தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவில் படிகின்றது என்று பார்க்கின்றார்கள். ஈறை விரலால் அழுத்தி நிறம் திரும்புவதைக் கவனிக்கின்றார்கள். வயிற்றில் காதை வைத்துக் குடலின் ஓசையைக் கேட்கின்றார்கள். பிறகு 40 மீட்டர் துள்ளுநடையில் போய்வரச் செய்து, நொண்டல் இருக்கின்றதா என்று நோக்குகின்றார்கள். இறுதிக் கோட்டை முதலில் கடந்தாலும், அதன்பின் நடக்கும் பரிசோதனையில் தேறாவிட்டால் வெற்றி இல்லை. வீட்டில் பழக்குவோரும் இவற்றையே செய்யலாம். இடது முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் விலாவில் உள்ளங்கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணி, நாள்தோறும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தால் போதும். அதே வழி, அதே வேகம்; ஆனால் முன்பு பத்து நிமிடத்தில் இறங்கிய துடிப்பு இன்று இருபது நிமிடம் ஆகியும் இறங்கவில்லை என்றால், குதிரை எதையோ சொல்ல முயலுகின்றது என்று பொருள்.

இவ்வளவு விதிகள் இருந்தும் தவறுகள் நேராமலில்லை. சமதரையான பாலைவனப் பாதைகளில் வேகம் மிகமிக, கால் எலும்பு முறிந்து குதிரைகள் மடிந்தன. 2015-ல் சர்வதேசச் சம்மேளனம் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே சில மாதங்களுக்கு விலக்கி வைக்கும் நிலை வந்தது. நெஞ்சு முந்திக்கொண்டது, கால் பின்தங்கிவிட்டது என்ற ஆற்காட்டுப் பெரியவரின் பேச்சு, அச்செய்தியைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது.

அதே விளையாட்டில் கேரளத்தின் பெயரும் நல்ல முறையில் பதிவாகியிருக்கின்றது. மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் என்னும் இளம்பெண், 2023-ல் பிரான்ஸ் நாட்டில் இளையோருக்கான உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை எப்சிலான் சாலூ என்னும் பெண்குதிரை மீது முடித்தார். அவ்வாறு முடித்த முதல் இந்தியர் அவரே. மறு ஆண்டு, 2024-ல், அதே நாட்டின் மோன்பாசியே என்ற ஊரில் மூத்தோருக்கான உலகப் போட்டியில் பெட்ரா டெல் ரே என்னும் பெண்குதிரையுடன் 160 கிலோமீட்டரைச் சுமார் பத்தரை மணி நேரத்தில் கடந்தார். செய்தித்தாள்கள் நேரத்தைப் பெரிதாக வெளியிட்டன. நாம் பெரிதாகக் கருதுவது வேறு. ஒவ்வொரு மருத்துவர் வாயிலிலும் அக்குதிரையின் நாடி இறங்கியது. இறுதிப் பரிசோதனையிலும் அது நேராக நடந்தது.

அத்தகைய சவாரிக்குப் பின்னர் என்ன? அன்றிரவு கால்களைக் குளிர்நீரில் நனைத்து, மெல்ல நடத்தி, புல்லும் நீரும் வைத்து, மறுநாள் காலை ஒவ்வொரு தசைநாணையும் விரலால் தடவிப் பார்க்கின்றார்கள். சூடோ வீக்கமோ தென்பட்டால் மருத்துவர் வருகின்றார். ஒன்றும் இல்லையென்றாலும் ஏறத்தாழ ஒரு மாதம் அக்குதிரை வேறு போட்டியில் கலந்துகொள்ள விதி அனுமதிப்பதில்லை. அந்நாட்களில் அதன் லாடத்தைக் கழற்றிவிட்டு, வெறுங் குளம்புடன் மேய்ச்சலுக்கு விடுவோரும் உண்டு.